வேடிக்கை பார்க்க வந்தவனின் கால்

வாத்து வேட்டைக்குத் துணையாகப் போகிறவனிடம் லைசென்ஸ் இல்லையென்றால் அவன் எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதை டேனெட் மேப்ரி எனக்குப் படகுத்துறையில் வைத்து வாசித்துக் காட்டினாள். வனவிலங்கு அதிகாரி அவள். வயது முப்பத்திரண்டு இருக்கும். எனக்கு அப்போது எழுபத்தாறு. அவளுடைய அப்பாவுக்கு வாத்தை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவருக்குக் கடைசிவரை வரவில்லை, அது வேறு விஷயம்.

"துப்பாக்கியத் தொடக் கூடாது, மிஸ்டர் டாகெட். தோட்டா உங்க பையில இருக்கக் கூடாது. ஊதல் ஊதக் கூடாது. பொம்ம வாத்தத் தண்ணியில போடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. நாய ஏவக் கூடாது. செத்து விழுந்த வாத்த எடுக்கக் கூடாது. மொத்தத்துல வேட்டைக்கு எந்த வகையிலயும் ஒத்தாச பண்ணக் கூடாது. நின்னு வேடிக்க பாக்கலாம்."

"மூச்சு விடலாமா?"

"விடலாம். ஊதல் வழியா விடக் கூடாது."

"செத்த வாத்து என் தலையில விழுந்தா?"

"லைசென்ஸ் வச்சிருக்கிறவர் வந்து எடுக்கிற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

சட்டத்தை மதிக்கிறவன் நான். அந்த டிசம்பரிலேயே என் கூட்டாளி எல்வுட் சுட்ட பச்சைத்தலை வாத்து ஒன்று மரக்கிளைகளுக்கு நடுவே புகுந்து நேராக என் தொப்பியின் மேல் வந்து விழுந்து, அடைகாக்க உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. எல்வுட் பிளாஸ்கைத் திறந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். நிதானமாகக் குடிக்கிறவன். இருபது நிமிடம் நான் கழுத்தை அசைக்கவில்லை. அதற்குள் செத்ததின் சொந்தக்காரர்கள் நான்கைந்து பேர் மேலே வட்டமடித்துத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஊரில் யாரும் இதை நம்புவதில்லை. டேனெட்டிடம் சத்தியம் செய்து சொன்னேன், அவளும் நம்பவில்லை. எல்வுட் ப்ருவிட்டைக் கேட்டால் தெரியும். அவன் தன் கையால்தான் என் தலையிலிருந்து அதை எடுத்தான்.

எனக்கு ஏன் லைசென்ஸ் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆர்க்கன்சாஸில் தண்ணீர் தேங்கிய ஓக் காட்டில்தான் எங்கள் வேட்டை. மறைவிடம் கட்டுவதெல்லாம் கிடையாது. மார்புவரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, தொடையளவுத் தண்ணீரில், ஆளுக்கொரு மரத்தில் சாய்ந்து நிற்போம். காடு ஒரு கிளப்புக்குச் சொந்தம். அந்த கிளப்பில் எல்வுட் உறுப்பினர், நான் அவனுடைய விருந்தாளி. நாற்பத்தோரு வருட விருந்தாளி. அவன் சுடுவான், நானும் சுடுவேன், ஆனால் வாத்துக் குரலில் ஊதல் ஊதி அவற்றைக் கீழே வரவழைப்பது நான். எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் மூக்கைச் சிந்தியதற்கே ஞானஸ்நானத் தொட்டியில் இரண்டு வாத்துகள் வந்து இறங்கின. பாஸ்டர் இரண்டையும் முக்கி எடுத்தார். பாப்டிஸ்டுகள் நாங்கள், தானாகத் தண்ணீருக்குள் இறங்கி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை.

ஒருவர் ஒரு நாளைக்கு நான்கு பச்சைத்தலை சுடலாம். அந்த நாளில் எல்வுட் ஏழு சுட்டிருந்தான். வாத்து நன்றாக இறங்கினால் அவனுக்கு எண்ணிக்கை மறந்துபோகும். நான் நான்கோடு நிறுத்திவிட்டேன். மரங்களுக்கு அப்பால் டேனெட்டின் படகுச் சத்தம் கேட்டதும் எல்வுட்டின் முகம் வெளுத்தது.

"வேர்ல், நான் மாட்டினா கிளப்புலேர்ந்து எடுத்துருவாங்கடா. நான் போனா உனக்கும் காடு போச்சு. ரெண்டு பேருக்கும் போச்சு."

"அதுக்கு?"

"உனக்குத்தான் கிளப்பே இல்லையே. என்ன பண்ணிருவாங்க? மூணு வருஷம் லைசென்ஸப் புடுங்குவாங்க. மூணு வருஷம் என்னடா, கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள ஓடிரும்."

எழுபத்தாறு வயதுக்காரனிடம் கண்ணை மூடித் திறப்பதைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனாலும் அவன் சொன்னதில் கணக்குச் சரியாக இருந்தது. சுட்டதை மாட்டி வைக்கும் அவனுடைய தோல் வாரில் தொங்கிய மூன்று வாத்துகளை என் வாருக்கு மாற்றினான். டேனெட் வந்து எண்ணினாள். "ஆமா, ஏழும் நான் சுட்டதுதான்" என்றேன். மீதி நாலு யாருடையது என்று அவள் கேட்கவில்லை, அவனுடையது என்று அவனே கையைத் தூக்கினான். மூன்று பருவம் லைசென்ஸ் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று பருவத்துக்குள் வேட்டை என்று சொல்லும்படியாக நான் எதையாவது செய்தால் ஆயுள் முழுக்கக் கிடையாது, வேடிக்கை பார்க்கவும் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் கீழே எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து என் ஊதலைச் சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்தேன். மூன்றாவது வருடம் முடிகிற அன்றைக்கு அதை எடுத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது காட்டில் ஊத வேண்டும் என்பதுதான் என் ஆசை. வேறொன்றும் இல்லை.

முதல் வருட கிறிஸ்துமஸுக்கு எல்வுட் ஒரு முழுப் பன்றித்தொடை கொண்டுவந்து கொடுத்தான். புகை போட்டது, ஒன்பது கிலோ இருக்கும். கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டான். இரண்டாம் வருடம் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. மூன்றாம் வருடம் காலைச் சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் நடுவில், "நம்ம வேர்லுக்கு நாலு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதான் ஏழு சுட்டுட்டு மாட்டிக்கிட்டான்" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வாய் நிறைய பிஸ்கட்டும் கிரேவியும் இருந்தன, வேறு எதுவும் செய்ய வழியில்லை.

அந்த மூன்று வருடமும் ஊதியவன் எல்வுட். பனிக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாத டிராக்டரைக் கேட்டிருக்கிறீர்களா? அதற்குச் சளியும் பிடித்திருந்தால் அதுதான் எல்வுட்டின் ஊதல். வாத்துக் கூட்டம் வரும், ஒரு வட்டம் அடிக்கும், கீழே யாரோ செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மரியாதையாக விலகிப் போய்விடும். எல்வுட் நிலாவைத் திட்டுவான், நெல் விவசாயிகளைத் திட்டுவான், ஒருமுறை மிசிசிப்பி ஆற்றையே திட்டினான். நான் மரத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன். சட்டப்படி.

மூன்றாவது பருவத்தின் கடைசி நாள் வந்தது. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வேட்டை முடிய வேண்டும் என்பது கிளப்பின் விதி. என் தண்டனையும் அதோடு முடிகிறது. காலையிலிருந்து எல்வுட் ஒன்றும் சுடவில்லை. காற்று செத்துக் கிடந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. பொம்மை வாத்துகள் பன்னிரண்டும் ஆணி அடித்து வைத்ததுபோல் அசையாமல் நின்றன. மேலிருந்து பார்க்கிற எந்த வாத்துக்கும் அது பொம்மை என்று தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட நாளுக்கு எங்கள் காட்டில் ஒரு வழி உண்டு. மரத்துக்குப் பின்னால் நின்றபடி காலால் தண்ணீரை உதைத்துக்கொண்டே இருப்போம். அலை வட்டம் வட்டமாகப் போகும், பொம்மைகள் ஆடும், கீழே சொந்தக்காரர்கள் நீந்துகிறார்கள் என்று மேலே இருப்பவை நினைத்துக்கொள்ளும். பன்னிரண்டு வயதிலிருந்து உதைக்கிறேன். ஊதல் கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேலே இறக்கைச் சத்தம் கேட்டால் என் இடது கால் உதைக்கும். மறைந்த என் மனைவி நடீன் என் பக்கத்தில் படுத்தவரை ஜன்னல் பக்கம் புறா பறந்தால்கூட இரவில் அவளுக்கு உதை விழும். கடைசி முப்பது வருடம் பக்கத்து அறையில்தான் படுத்தாள்.

பதினொன்றே முக்கால் இருக்கும். எட்டு பச்சைத்தலை. எல்வுட் டிராக்டரை ஆரம்பித்தான். அவை ஒரு சுற்று வந்தன. இரண்டாவது சுற்றில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. எல்வுட்டின் கன்னம் இரண்டும் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது சுற்று பெரிதாக இருந்தது. போகப்போகின்றன என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் பார்த்தால் பொம்மைகள் ஆடிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தேன். என் கால்.

எட்டும் இறக்கையைக் குவித்து, காலை நீட்டி, ஓக் கிளைகளுக்கு நடுவே நேராக இறங்கின. எல்வுட் இரண்டைச் சுட்டான். அவனுடைய கிழட்டு நாய், பிஸ்கட் என்று பெயர், நீந்திப் போய்க் கொண்டுவந்தது. எல்வுட் என் பக்கம் திரும்பினான். கண்ணில் தண்ணீர்.

"பாத்தியாடா? பாத்தியா? என் ஊதலுக்கு வந்துச்சுடா!"

"பாத்தேன்டா" என்றேன்.

உண்மையாகச் சொல்கிறேன், அதை அவனுக்கே விட்டுவிடத்தான் நினைத்தேன். எழுபத்தெட்டு வயதில் ஒருவனுக்கு முதல் தடவையாக வாத்து இறங்குகிறது. அதில் போய்க் காலை நீட்டுவானேன்?

நான்கு மரம் தள்ளி ஒரு குரல் கேட்டது.

"மிஸ்டர் டாகெட், அந்தக் கால எதுக்கு ஆட்டினீங்க?"

டேனெட் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. படகை எங்கேயோ விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறாள். தண்ணீரில் மெதுவாக எங்கள் பக்கம் வந்தாள். கையில் குற்றம் எழுதிக் கொடுக்கும் சீட்டுப் புத்தகம் இருந்தது. பேனாவின் மூடி கழற்றப்படவில்லை.

"கடைசி நாள்" என்றாள். "இன்னும் பத்து நிமிஷம். எனக்கும் வீட்டுக்குப் போகணும். இன்னிக்குக் குளிரு சாஸ்தி. வயசானவங்களுக்குத் தண்ணியில நின்னா காலு மரத்துப்போகும், உதறிக்கத்தான் செய்வாங்க. மரத்துப்போச்சா மிஸ்டர் டாகெட்?"

நல்ல பெண். அவளுடைய அப்பாவைப் போலவே. மரத்துப்போச்சு என்று ஒரு வார்த்தை. அதைவிட நூறு மடங்கு பெரிய பொய்யெல்லாம் ஒரு கப் காபிக்குக்கூட இல்லாமல் ஊருக்குச் சும்மா கொடுத்தவன் நான். ஒரு கெளுத்தி மீன் என் பூட்ஸைத் தன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டது என்பதுவரை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

எல்வுட் முந்திக்கொண்டான்.

"குளிருதான் மேடம்! வேற என்ன? அவன் காலால ஒரு மண்ணும் ஆகல. என் ஊதலுக்குத்தான் வந்துச்சு, நீங்களே பாத்தீங்கல்ல? எப்பவுமே என் ஊதலுக்குத்தான் வரும். வேர்ல் ஊதி வந்துச்சு, வேர்ல் ஊதி வந்துச்சுன்னு ஊர்ல பேசுறதெல்லாம் இவனே கட்டிவிட்ட கத."

"சரி மிஸ்டர் ப்ருவிட், நான் அவரத்தான் கேட்டேன்."

"இல்ல மேடம், நீங்க கவலப்படாதீங்க. மூணு வருஷமா நான்தான் இவன மேய்க்கிறேன். அந்த ஏழு வாத்து விஷயத்துக்கப்புறம் இவனத் தனியா விடுறதே இல்ல. கொஞ்சம் பேராச, அவ்வளவுதான். மனுஷன் நல்லவன்."

சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினான். அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். நானும் அதே தொழில். அவன் பொய் சொல்லவில்லை. மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். அவன் தலைக்குள் அந்த ஏழையும் நான்தான் சுட்டேன். அவன்தான் என்னைச் சேர்த்துக்கொண்டு காப்பாற்றி வருகிறான்.

"ஒதச்சேன்" என்றேன்.

டேனெட் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மரத்துப்போச்சுன்னு சொல்ல வந்தீங்க."

"இல்லம்மா. அந்த எட்டும் இறங்கணும்னு ஒதச்சேன். இவன் ஊதினா வாத்து வராது. இழவு வீடுன்னு ஒதுங்கிப் போயிரும்."

"டேய் வேர்ல், வாய மூடுறா!"

"இன்னொண்ணும் இருக்கு. அதையும் எழுதிக்கோ. அன்னிக்கு ஏழு சுட்டது நான் இல்ல. இவன். நான் சுட்டது நாலுதான்."

டேனெட் எல்வுட்டைப் பார்த்தாள். எல்வுட் நாயைப் பார்த்தான். நாய் என்னைப் பார்த்தது. அன்றைக்கு விழுந்த பதினொன்றையும் கொண்டுவந்து போட்டது அதுதான். யாருடைய துப்பாக்கிக்கு எது விழுந்தது என்று அதற்குத் தெரியும். அதை யார் கேட்கப் போகிறார்கள்?

"மிஸ்டர் டாகெட்," என்றாள் டேனெட், மெதுவாக, "உங்க தலையில செத்த வாத்து இருவது நிமிஷம் உட்காந்துச்சுன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணீங்க."

"பண்ணேன். உட்காந்துச்சு."

"அதுக்குச் சொந்தக்காரங்க வந்து துக்கம் விசாரிச்சாங்கன்னும் சொன்னீங்க."

"அது கொஞ்சம் சேத்துச் சொன்னது. உட்காந்தது நெசம்."

அவள் யோசித்தாள். பிறகு எல்வுட் பக்கம் திரும்பினாள். அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. என்னை நம்புவதற்கு ஒரு சின்னக் காரணமாவது கிடைக்குமா என்று தேடியிருப்பாள்.

"மிஸ்டர் ப்ருவிட், நீங்க சொல்லுங்க. அவரு தலையில வாத்து விழுந்து உட்காந்துச்சா? இவரு சொன்னதுல அந்த ஒண்ணாவது உண்மையா?"

எல்வுட் தன் ஊதலைக் கையில் எடுத்து அதன் வாயைச் சட்டையில் துடைத்தான். நன்றாகத் துடைத்தான்.

"எனக்கு எப்படித் தெரியும் மேடம்? நான் காபி குடிச்சிட்டு இருந்தேன்."

டேனெட் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அன்றைக்கு நான் அவளிடம் சொன்னதெல்லாம் உண்மை. என் காலைப் பற்றிச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. காலை அவள் கண்ணால் பார்த்தாள். எழுதிக் கொடுத்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. சீட்டிலேயே இருக்கிறது.

திரும்பி வரும்போது படகை எல்வுட் ஓட்டினான். துறை கண்ணில் பட்டதும் கேட்டான்.

"ஏன்டா இப்படிப் பண்ண? உன்னக் காப்பாத்தத்தானடா பாத்தேன்."

"காலு மரத்துப்போச்சுடா" என்றேன்.

நவம்பரில் அடுத்த பருவம் தொடங்கியது. காட்டுக்குள் நான் போக முடியாது. படகுத்துறை காடு இல்லை, அது மாவட்டத்துச் சாலை. அங்கே டிரக்கை நிறுத்திக்கொண்டு உட்கார எனக்கு உரிமை இருக்கிறது, விசாரித்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் போவேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் எல்வுட்டின் டிராக்டர் கேட்கும். துப்பாக்கிச் சத்தம் அநேகமாகக் கேட்காது. மேலே இறக்கைச் சத்தம் கேட்டால் என் இடது கால் டிரக்கின் தரையை உதைக்கும். ஒருநாள் டேனெட் ஜன்னலைத் தட்டினாள். அவள் கண் என் காலுக்குப் போனது.

"வண்டிக்குள்ள தண்ணி இல்ல மேடம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தன் பிளாஸ்கிலிருந்து எனக்குக் கொஞ்சம் காபி ஊற்றிவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குப் படகுகள் வரும். துறையில் ஏழெட்டுப் பேர் நின்று யாருக்கு எத்தனை என்று பேசுவார்கள். எல்வுட் எங்கேயாவது வழிதவறி வந்த ஒன்றையோ இரண்டையோ தூக்கிப் பிடித்து, "என் ஊதலுக்கு" என்பான். வயதானவன், பாவம், ஒருவேளை இருக்கலாம் என்று விட்டுவிடுவார்கள்.

அப்போதுதான் நான் டிரக்கிலிருந்து இறங்குவேன். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வேன். முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது.

"நானும் இங்க உட்காந்து கேட்டேன்" என்பேன். "எல்வுட் மாதிரி ஊதுறவன் இந்த மாவட்டத்துலயே கெடயாது. அவன் ஊதினா வாத்து இறங்காம போனதா நான் பாத்ததே இல்ல. சத்தியமா."

ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்ப்பார்கள். யாராவது ஒருவர் முதலில் ஆரம்பிப்பார், அப்புறம் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வேர்ல் டாகெட் சத்தியம் செய்துவிட்டான், இனி என்ன சந்தேகம்? எல்வுட் வாத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடுவில் நிற்பான். கை மெல்ல இறங்கும்.

ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை.